கட்டுத்தரை பல்பும் நாலு நாள் ரிப்பேரும்

எங்க கட்டுத்தரைக்கு (மாட்டுக் கொட்டகையைக் கொங்குப் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) வீட்டு லைன் கரண்ட் இல்லைங்க. கூரை மேல ஒரு சோலார் பேனல், கீழே ஒரு பழைய பேட்டரி, அதுல ரெண்டு 12 வோல்ட் எல்இடி பல்பு. அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு பல்பு போய் ரொம்ப நாளாச்சு, மாத்தலை. போன மாசம் செவலை கன்னு போடுற ராத்திரி பார்த்து மத்ததும் போயிருச்சு. அம்மா செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நான் கன்னுக்குட்டியை இழுத்தேன். கன்னு நல்லா இருக்கு. பல்பு மேல வந்த கோபம்தான் அடங்கலை.

காலையில அதைப் பிரிச்சேன். மேல இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியைப் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. கத்தி முனையை விட்டுச் சுத்திலும் நெம்பினா கழண்டு வரும். பாதி நேரம் உடைஞ்சும் வரும். உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய அலுமினியத் தகடு. அதுல மஞ்சள் பொட்டு மாதிரி ஒன்பது எல்இடி. மூணு மூணா மூணு வரிசை, வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர். ஒரு பொட்டுல மட்டும் நடுவுல குண்டூசி முனை அளவுக்குக் கருப்புப் புள்ளி. அந்த ஒண்ணு செத்ததால அந்த வரிசையே இருட்டு. மத்த ரெண்டு வரிசையும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தகட்டுக்கு வர்ற வயரோட சால்டர் விட்டுப்போயிருந்துச்சு. மாட்டு மூத்திர ஆவி பட்டுப் பச்சை பூத்திருந்தது. மொத்தத்துல ஒரு பொட்டும் ஒரு சால்டரும்தான் கோளாறு. மத்ததெல்லாம் புதுசு மாதிரி.

வயரைப் பத்த வெச்சுட்டேன். கருப்புப் புள்ளிக்கு யூடியூப் வைத்தியம் ஒண்ணு இருக்கே, செத்த எல்இடியைப் பெயர்த்துட்டு அந்த இடத்துல ஈயத்தை உருக்கி ரெண்டு முனையையும் சேர்த்து விடுறது, அதையே செஞ்சேன். எரிஞ்சது. என் மகனைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை அடிச்சுக்கிட்டேன். நாலாம் நாள் அதே வரிசையில இன்னொரு பொட்டு கருகிருச்சு.

ஏன்னு சந்தையில ரேடியோ ரிப்பேர் பார்க்கிற அண்ணன்தான் சொன்னாரு. ஒரு வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கும். மூணு சேர்ந்தா 9. பேட்டரியோட 12-ல மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் தலையில. அந்த மூணுக்குத் தக்க கரண்ட்தான் வரிசையில ஓடும். ஒரு எல்இடியை எடுத்துட்டுச் சேர்த்து விட்டா ரெசிஸ்டருக்கு 6 வோல்ட். கரண்ட் ரெண்டு மடங்கு. மீதி ரெண்டு எல்இடி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு கேட்டாரு: "பகல்ல லைட்டு எரியுதுங்களா தம்பி?" எரியும். கொட்டகை இருட்டு, அம்மா மத்தியானம் தீவனம் போடப் போனா போட்டுட்டு அப்படியே வந்துருவாங்க. வெயில்ல பேனல் சார்ஜ் ஏத்துறப்ப மீட்டர் வெச்சுப் பார்த்தேன். 14.2 வோல்ட். 9 போக மீதி 5-க்கு மேல. 12-க்குன்னு செஞ்ச பல்புல அப்பவும் கரண்ட் ஒன்றே முக்கால் மடங்கு ஓடுது. முதல் பொட்டு கருகின காரணமும் இதுதான்னு எனக்குத் தோணுது. பல்பு டப்பாவுல "12 வோல்ட்" மட்டும் போட்டிருக்கு. பேட்டரின்னா 14 தாண்டும்னு செஞ்சவங்களுக்குத் தெரியாதா என்ன?

ரெண்டாம் தடவை ஒழுங்கா செஞ்சோம். முன்னமே செத்துக் கிடந்த பல்புல இருந்து நல்ல எல்இடியாப் பார்த்து ரெண்டு எடுத்தோம். ரிமோட்ல போடுற செல் ரெண்டைச் சேர்த்துத் தொட்டா நல்லது மங்கலா மினுக்கும். அலுமினியம் சூட்டை இழுத்துக்கும், சால்டரிங் குச்சி மட்டும் போதாது. இஸ்திரிப் பெட்டியைக் கவுத்து வெச்சு அது மேல தகட்டை வெச்சதும் ஈயம் உருகிருச்சு. பிளஸ் மைனஸ் பார்த்து மாத்தி வெச்சோம். பல்புக்குப் போற வயர்ல 4007 டையோடு ரெண்டு வரிசையாப் போட்டோம். ஒண்ணு 0.7 வோல்ட் விழுங்கும். ராத்திரியில வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான். மாடு ஒண்ணும் புகார் சொல்லலை.

(இதைப் படிச்சுட்டு வீட்டு 230 வோல்ட் பல்பைக் குடையாதீங்க. அதுல எல்இடித் தகட்டுலயே மெயின் கரண்ட் ஓடும், கழட்டின பிறகும் கெப்பாசிட்டர் உதைக்கும். 12 வோல்ட்லயும் பேட்டரி வயரைக் கழட்டிட்டுத்தான் கை வைக்கணும்.)

கோயமுத்தூர்ல இருக்கிற மச்சான் சிரிச்சான். "எண்பது ரூபா பல்புக்கு ரெண்டு நாளா மாப்ள?" அவன் கணக்கு அவனுக்குச் சரி. தெருமுனையில கடை இருக்கு, குப்பை வண்டி வாசலுக்கு வருது. அவன் எறிஞ்சது எங்கே போகுதுன்னு அவன் பார்க்கிறதில்லை. நாங்க எறிஞ்சது எருக்குழிக்குப் போகும். எருவோட டிராக்டர்ல ஏறிக் காட்டுக்கு வரும். போன வருஷம் வெங்காயத்துல களை வெட்ட வந்த அக்கா பாதத்துல ஒரு பல்பு மூடித் துண்டு ஏறிருச்சு. தையல் போட்டு ரெண்டு வாரம் அவங்களுக்கு வேலை இல்லை. அந்தக் கூலியை எண்பது ரூபாயோட சேர்த்துத்தான் கூட்டணும்.

ரிப்பேர் செய்யுற உரிமைன்னு 2022-ல மத்திய அரசு ஒரு குழு போட்டுச்சு. விவசாயக் கருவி, செல்போன், வண்டி, வீட்டுச் சாமான் பத்தியெல்லாம் பேசினாங்க. நல்லதுதான். பல்பு அவங்க கண்ணுக்குச் சின்னதாத் தெரியலாம். நான் கேட்கிறதும் சின்னதுதான்: மூடியைப் பசை போட்டு ஒட்டாம மரை வெச்சுக் குடுங்க. தகட்டை ரெண்டு ஸ்குரூல முடுக்குங்க. எத்தனை வோல்ட் வரைக்கும் தாங்கும்னு மேல அச்சடிங்க. இதுக்காகப் பத்து ரூபா கூடச் சொன்னாலும் நான் வாங்குவேன்.

இப்ப கட்டுத்தரையில ரெண்டு பல்பும் எரியுது. செத்த பல்புகளை எருக்குழிக்கு விடாம ஒரு சாக்குல போட்டு வெச்சிருக்கேன். மகன் லீவு நாள்ல ஒண்ணொண்ணாப் பிரிக்கிறான். உங்ககிட்ட 12 வோல்ட் பல்பு செத்தது கிடந்தா எறியாதீங்க, இந்தப் பக்கம் வர்றப்ப எடுத்துட்டு வாங்க. எங்களுக்கு எல்இடி தேவைப்படுது.