கடுமையான சிகிச்சை எவர்க்கு?

தோ பாயோவின் அடுக்குமாடி வீடொன்றிலிருந்து புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று, தீவிர ரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டுவிட்ட தாயொருத்தி, எத்துணை உக்கிரமான மருந்தாயினும் கொடுத்துக் காப்பாற்றுங்கள் என்றே பிரார்த்திப்பாள். ஆனால் அந்த மருந்தே நோயெதிர்ப்பு சக்தியைச் சிதைத்து, தொற்றினால் பிராணாபாயம் விளைவிக்கவும் கூடும். ஆகவே மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் இணைந்து நடத்திய மா-ஸ்போர் 2003 ஆய்வில், எலும்பு மஜ்ஜையில் எஞ்சிய புற்றணுக்களை அளந்து, அபாயம் குறைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சையின் கடுமையைத் தணித்தனர். ஐ.கே.இசட்.எஃப்.1 என்னும் மரபணு சிதைந்த வகையில் நோய் மீள்வது அதிகமாதலால், 2010ஆம் ஆண்டுத் திட்டத்தில் அவ்வகையினரை ஒரு படி கடுமையான பிரிவுக்கு உயர்த்தினர். 2018இல் வெளியான முடிவுகளின்படி, அவர்களுள் ஐந்தாண்டுக்குள் நோய் மீள்வது நூற்றுக்குச் சுமார் 30லிருந்து 14ஆகத் தாழ்ந்தது. உயிர் தரித்தோர் 70லிருந்து 92ஆக உயர்ந்தனர்.

முந்தைய காலத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்ட கணக்காதலால் இதனை இறுதித் தீர்ப்பென நாம் கொள்ளவில்லை. எனினும் இத்தனை உயிர்கள் சம்பந்தப்பட்ட வேற்றுமையை அலட்சியம் செய்வது அதர்மம். இந்த மரபணுப் பரிசோதனை, பெற்றோரின் பொருளாதார நிலையைப் பொருட்படுத்தாமல், இந்நோய் கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும். அண்டை நாடுகளின் ஏழைக் குழந்தைகளுக்கும் அது எட்டும்படி செய்ய, இவ்வாய்வைப் பேணி வளர்த்த நம் சிங்கப்பூர் நகரமே முன்வர வேண்டும்.