குடும்ப நலம்: அரிப்பு மாத்திரையும் இருதயத் துடிப்பும்

கார்த்திகை பிறந்துவிட்டால் வடநாட்டில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் ஒரு தொல்லை தவறாமல் வந்து சேருகிறது. நம் ஊர்க் காற்றில் எக்காலத்தும் சிறிது ஈரம் உண்டு. இங்கோ பனிக்காலக் காற்று வறண்டது. தோலின் ஈரத்தை அது உறிஞ்சிவிடுகிறது. போதாக்குறைக்குக் குளிருக்கு அஞ்சிக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நீராடுகிறோம். உடம்போடு ஒட்டக் கம்பளி உடுத்துகிறோம். முதலில் முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்துச் செதில் எழுகிறது. பின்னர் அரிப்புத் தொடங்குகிறது. வயது முதிர்ந்தோர்க்கு இரவு உறக்கமே போய்விடுகிறது. உடனே பையனைத் தெருமுனை மருந்துக் கடைக்கு அனுப்பி, 'குஜ்லி கீ கோலி' வாங்கிவரச் சொல்கிறோம். கடைக்காரர் என்ன கொடுத்தார், அதன் பெயர் என்ன என்று கேட்போர் நம்மில் மிகச் சிலரே.

சென்ற மாதம் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள அவருடைய மாமியாருக்கு இருதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை. அதற்கு டிகாக்சின் மாத்திரையும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரையும் நெடுநாளாக உட்கொண்டு வருகிறார். இப்போது உடம்பெல்லாம் அரிப்பு. 'அரிப்பு மாத்திரை கொடுக்கலாமா, கூடாதா? அண்டை வீட்டார் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்' என்பது சகோதரியின் கேள்வி. இதே ஐயம் பல இல்லங்களில் இருக்குமாதலின், இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்கினோம். நாம் வைத்தியர் அல்லோம். ரயில்வேயில் பேரேடு எழுதும் குமாஸ்தா. ஆகையால் இங்குக் கூறுவது, டாக்டரிடம் செல்லும்போது எதைக் கேட்கவேண்டும் என்பதை அறிவதற்கேயன்றி, டாக்டருக்குப் பதிலாக அன்று.

முதலில் இம்மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒவ்வாத பொருள் ஒன்று உடம்பில் புகுந்தால், தோலில் உள்ள சில அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. அதனாலேயே தடிப்பும் தினவும் உண்டாகின்றன. இந்த ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தை முதன்முதல் 1937-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே என்பவர் கண்டறிந்தார்; அவருக்கு 1957-இல் நோபல் பரிசும் கிடைத்தது. காணாக்கடி போன்று திடீரெனத் தடித்தெழும் அரிப்புக்கு இவ்வகை மருந்து நன்கு பயன்படும். ஆனால் வறண்ட தோலின் அரிப்புக்கோ, சொறி சிரங்குக்கோ, படர்தாமரைக்கோ இதனால் ஆகும் பயன் சொற்பமே. உறக்கம் வருவதால் அரிப்பு மறந்துபோகிறது. நோய் அப்படியே இருக்கிறது.

இனி இருதயத்திற்கு வருவோம். இருதயம் ஒவ்வொரு முறை துடிப்பதற்கும் ஒரு சிறு மின்னோட்டம் காரணம். ஒரு துடிப்பு முடிந்தபின் அடுத்த துடிப்புக்கு முன்னர், இருதயத்தின் தசைகள் மீண்டும் தயாராகச் சிறிது நேரம் வேண்டும். ரயில்வேயில் பணிபுரியும் அன்பர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்சென்ற வண்டி அடுத்த நிலையத்தை அடைந்து 'லைன் கிளியர்' கிடைக்கும்வரை பின்வண்டியை விடுவதில்லை அன்றோ? அதுபோலத்தான். சில மருந்துகள் இந்தத் தயாராகும் நேரத்தை நீளச்செய்துவிடுகின்றன. அவ்வமயம் வேளை தவறி ஒரு துடிப்பு புகுந்தால், இருதயம் தாறுமாறாகத் துடித்து, மூளைக்கு இரத்தம் செல்லாமல் மனிதர் மயங்கி விழுவார்; சிலசமயம் உயிரும் போகும். இந்த விபரீதத் துடிப்பை 1966-இல் பிரெஞ்சு வைத்தியர் தெசர்த்தென் என்பவர் விவரித்து எழுதினார்.

இ.சி.ஜி. படத்தில் அந்த நேரத்தை 'கியூ.டி.' என்று குறிப்பர். நாடியின் வேகத்திற்கேற்பத் திருத்திக் கணக்கிட்டால், ஒரு விநாடியை 1,000 கூறாக்கியதில் ஆடவர்க்கு ஏறக்குறைய 450, பெண்டிர்க்கு 460 வரை இருக்கலாம். 500-ஐத் தாண்டினால் அபாயம் என்று கொள்வர்.

அரிப்பு மாத்திரைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்த வரலாறு படிப்பினை மிக்கது. டெர்ஃபெனடின் என்னும் மாத்திரை 1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது தூக்கம் தராத மருந்து என்பதால் மக்கள் அதனைப் பெரிதும் விரும்பினர். வயிற்றுக்குள் சென்றதும் கல்லீரல் அதை வேறொரு பொருளாக மாற்றிவிடும். அப்பொருளே அரிப்பைத் தணித்தது. ஆனால் சில மருந்துகள் கல்லீரலின் இந்த வேலையைத் தடுத்துவிடும். படர்தாமரை போன்ற காளான் நோய்களுக்குத் தரும் கீட்டோகோனசோல், கிருமிகளைக் கொல்லும் எரித்ரோமைசின் ஆகியவை அத்தகையன. அவற்றுடன் சேர்ந்தபோது டெர்ஃபெனடின் மாறாமலே இரத்தத்தில் தேங்கி, இருதயத் துடிப்பைக் குலைத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே உட்கொண்டு மயங்கி விழுந்த 39 வயதுப் பெண்மணி ஒருவரின் செய்தி 1990-இல் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. 1992-இல் அமெரிக்க அரசாங்கம் கடும் எச்சரிக்கை விடுத்தது. 1998-இல் அங்கு அம்மருந்து விலக்கப்பட்டது. அஸ்டெமிசோல் என்னும் மற்றொன்றும் இதே குற்றத்திற்காக 1999-இல் அங்காடியை விட்டு நீங்கியது. நம் நாட்டில் இவ்விரண்டும் 2003-இல் தடைசெய்யப்பட்டன. டெர்ஃபெனடினைக் கல்லீரல் எப்பொருளாக மாற்றியதோ, அதுவே இன்று ஃபெக்சோஃபெனடின் என்னும் பெயரில் தனி மருந்தாக விற்கப்படுகிறது. இருதயத்தைக் கெடுக்கும் குணம் அதற்கு இல்லை.

ஆகவே, 'அரிப்பு மாத்திரை இருதயத்திற்கு ஆகாது' என்பாரும், 'சாதாரண மாத்திரைதானே, என்ன செய்யும்?' என்பாரும் ஒருங்கே தவறுகின்றனர். எந்த மாத்திரை, யாருக்கு, எதனுடன் என்பதே கேள்வி.

இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் முதலில் எச்சரிக்கைக்கு உரியது ஹைட்ராக்சிசின். அரிப்புக்கு நம் நாட்டில் வெகுவாக எழுதித் தரப்படும் மாத்திரை இது. 2015-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது: பெரியவர்க்கு ஒரு நாளில் 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது, முதியோர்க்குத் தவிர்ப்பதே நன்று, தவிர்க்க இயலாதபோதும் 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது, கியூ.டி. நீண்டவர்க்கும் அவ்வபாயம் உடையவர்க்கும் கொடுக்கவே கூடாது என்பது அதன் சாரம். அடுத்து, ஃபெனிராமின், குளோர்ஃபெனிராமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய மருந்துகள். இவை தூக்கத்தைத் தரும், வாயை உலரச்செய்யும், நாடியை விரைவாக்கும், முதிய ஆடவர்க்குச் சிறுநீரையும் கட்டிவிடும். செடிரிசின், லெவோசெடிரிசின், லோரடடின், ஃபெக்சோஃபெனடின் ஆகிய புதியவை, சொன்ன அளவில் உட்கொண்டால், துடிப்பு நோயாளர் பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்கின்றன. சிறுநீரகம் பலவீனமானவர்க்குச் செடிரிசினின் அளவைக் குறைக்கவேண்டும். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாற்றுடன் விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரே தகும்.

இன்னொரு பொறி உண்டு. சளி மாத்திரை என்று விற்பவற்றுள் அரிப்பு மருந்துடன் ஃபினைலெஃப்ரின் போன்ற மூக்கடைப்பு மருந்தும் கலந்திருக்கும். அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், படபடப்பையும் தூண்டலாம். 'இதிலும் செடிரிசின்தானே இருக்கிறது' என்று அரிப்புக்கு அதைக் கொடுத்தல் தகாது.

மருந்துகள் கூடிச் செய்யும் கேட்டுக்கு நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். நம் வட்டாரத்தில் ஓர் அன்பரின் இல்லத்திற்குப் பனிக்காலத்தில் அவர் தந்தையார் வந்திருந்தார். துடிப்புக்காக அமியோடரோன், கால் வீக்கத்திற்காக நீர் பிரியும் மாத்திரை இரண்டும் அவருக்கு ஊரில் எழுதித் தரப்பட்டவை. இங்கு அரிப்புக்காகத் தோல் வைத்தியர் ஒருவரிடம் காட்டினர். கேள்விகள் இந்தியில், பெரியவருக்கோ இந்தி தெரியாது. இருதய மாத்திரைகளைப்பற்றி யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஹைட்ராக்சிசின் எழுதப்பட்டது. ஒரு வாரத்திற்குள், விடியற்காலையில் பெரியவர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். தெளிந்ததும், 'குளிர்தான் அம்மா, ஒன்றுமில்லை' என்று படுக்கப் போனார். மருமகள் உடன்படவில்லை. 'இல்லை மாமா, நீங்கள் இதுவரை இப்படி விழுந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து படுத்துக்கொள்ளலாம்' என்று சொல்லி, ஊர் மாத்திரை, இவ்வூர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு புறப்பட்டாள். அங்கு எடுத்த படத்தில் கியூ.டி. 500-ஐத் தாண்டியிருந்தது. நீர் பிரியும் மாத்திரையால் இரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்திருந்தது. அமியோடரோனும் அந்த நேரத்தை நீட்டும்; ஹைட்ராக்சிசினும் நீட்டும்; பொட்டாசியக் குறைவும் நீட்டும். மூன்றும் ஒருவர்மேல் ஏறிவிட்டன. அரிப்பு மாத்திரையை நிறுத்தி, குறைந்த உப்புக்களை ஊசிவழி ஏற்றி, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினர். அவரைக் காத்தது அந்தப் பைதான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம்.

சகோதரியின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மாமியாருக்கு அரிப்பு மாத்திரை அறவே ஆகாது என்பதில்லை. டாக்டர் வேண்டுமென்று கருதினால், தூக்கம் தராத ஃபெக்சோஃபெனடின், லோரடடின் போன்றவற்றுள் ஒன்றைத் தருவார். தூக்க மருந்தை நாம் அஞ்சுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு: வார்ஃபரின் உண்பவர் இரவில் தள்ளாடி விழுந்து தலையில் அடிபட்டால், உள்ளே இரத்தம் கசிந்து பெருந்தீங்காகும். அதனினும் முக்கியமாக, அரிப்பு படர்தாமரையால் என்று தெரிந்து யாரேனும் காளான் மாத்திரை கொடுக்க முன்வந்தால், அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். ஃப்ளுகோனசோல் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தப்போக்கை உண்டாக்கும்; இட்ராகோனசோல் டிகாக்சினை உடம்பில் தேங்கச்செய்து நஞ்சாக்கும். இவற்றை இருதய டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது.

அரிப்புக்குக் காரணம் தேடுவதும் கடமை. தைராய்டு சுரப்பி மிகுதியாக வேலை செய்தால் துடிப்பும் கெடும், தோலும் அரிக்கும். ஒரே மூலத்தின் இரு கிளைகள் அவை. சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் நோய், இரும்புச் சத்துக் குறைவு ஆகியவற்றாலும் தடிப்பில்லாமலே அரிக்கும். வீட்டில் மற்றவர்க்கும் இரவில் அரிப்பு மிகுந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு மேற்பூச்சு மருந்தை வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளவேண்டும். புதிய இருதய மாத்திரை தொடங்கியபின் அரிப்பு வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் அம்மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

வறட்சியே காரணமாயின், மருந்து அடுக்களையிலேயே இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் விரைந்து நீராடுக, சோப்பைக் குறைக்க, துவட்டியவுடன், தோலில் ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெயோ வாசலினோ பூசுக. இங்குள்ளோர் பரிந்துரைக்கும் கடுகெண்ணெய் சிலர்க்கு எரிச்சல் தரும். கம்பளிக்குள் பருத்தியாடை உடுத்துக.

இனி ஒவ்வோர் இல்லத்தாரும் செய்யவேண்டுவது ஒன்று. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திறங்கிய அன்றே, அவர்கள் உண்ணும் மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியாக எடுத்த இ.சி.ஜி.யின் நகலையும் அதனுடன் வையுங்கள். எந்த டாக்டரிடம் சென்றாலும், பல் டாக்டரானாலும், அதை முதலில் நீட்டுங்கள். இந்தி அறியாத பெரியவர்க்கு ஒரு வாக்கியத்தையேனும் கற்பியுங்கள்: 'தில் கீ தட்கன் கீ தவா சல் ரஹீ ஹை.' இருதயத் துடிப்புக்கு மருந்து நடக்கிறது என்பது அதன் பொருள்.

மயக்கம், திடீர்ப் படபடப்பு, மார்பு வலி, மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல், 108 அல்லது 112-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மாத்திரைப் பட்டைகள் யாவும் உடன் வரட்டும்.

கடிதம் எழுதிய சகோதரி, மாமியாரின் இ.சி.ஜி. பார்த்தபின் டாக்டர் என்ன சொன்னார் என்பதை நமக்கு எழுதுவாராக. அடுத்த இதழில், பனிக்காலத்தில் அறைக்குள் கரியடுப்பு மூட்டுவதன் அபாயங்களைப்பற்றிப் பேசுவோம்.