வில்லாக வளைத்தது யார்?

“பேயை நம்பினால் யாருக்கு என்ன நட்டம்? நம்புகிறவன் நம்பிவிட்டுப் போகட்டுமே!” என்றார் நண்பர் ஒருவர். பட்டம் பெற்றவர், பண்பாளர், எவர் மனமும் புண்படக் கூடாதென்று எண்ணுபவர். அவருக்குப் பதில் கூறவே இதனை எழுதுகிறேன்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டியின் கதையைச் சொன்னான். 1970களில் குடிசையிலே பிள்ளைப்பேறு. கதிர் அறுக்கும் அரிவாளே கொடியையும் அறுத்தது. தொப்புளில் சாணச் சாம்பல் அப்பினார்கள். தலைப்பிள்ளை சில நாள் நன்றாகப் பால் குடித்தது. ஆறாம் நாள் வாய் திறக்கவில்லை. ஏழாம் நாள் உடல் விறைத்தது, முதுகு வில்லாக வளைந்தது. சிறு ஓசை கேட்டாலும் துடித்தது. ‘காற்றுக் கருப்பு’ என்றார்கள். உடுக்கை ஒலித்தது, வேப்பிலை வீசிற்று, பிள்ளை மாண்டது. அடுத்த பிள்ளைக்கும் அதே கதி!

“பேய் இல்லையென்றால், வளைத்தது யார் ஐயா?” என்று கேட்டான் மாணவன். கேள்வி என்றால் இதுவன்றோ கேள்வி! பேய் இல்லை என்று முழங்குவது எளிது, தோழர்களே. வளைத்தது யார் என்று விளக்குவதல்லவா பகுத்தறிவாளன் கடமை?

விளக்குவோம். ஒவ்வோர் உயிரணுவையும் போர்த்தியிருப்பது கொழுப்புப் படலம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,00,000இல் ஒரு பங்கு. அந்தக் கொழுப்பு மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால் நீரை வெறுக்கும். ஆகவே நீரிலே விட்டதும் அவை வால்களை உள்ளே மறைத்து ஈரடுக்காக அணிவகுக்கின்றன. ஓரம் திறந்திருந்தால் வால் நனையுமே! எனவே வளைந்து மூடி, பையாகின்றன. மந்திரம் ஓதியவர் எவருமில்லை. இத்தகைய பைகள் நீரில் தாமே உருவாவதை 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம் காட்டினார்.

நரம்பு முனைகளில் இத்தகைய நுண்பைகள் காத்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் 25,000இல் ஒரு பங்கு அளவே கொண்டவை. ஒவ்வொன்றினுள்ளும் செய்தி சுமக்கும் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில். பை திறந்தால்தான் செய்தி போகும். திறக்க வேண்டுமானால் வெளிப்படலத்தோடு அது கலக்க வேண்டும். இடையிலே உள்ள நீரோ இரண்டையும் நெருங்கவிடாது. பையிலிருந்து ஒரு புரத இழையும், எதிர்ப் படலத்திலிருந்து வேறு இழைகளும் நீண்டு, பிரிகள் கயிறாவதுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, இரு படலங்களையும் இழுத்து ஒட்டுகின்றன. கால்சியம் கட்டளை தந்ததும் 1,000இல் ஒரு வினாடிக்குள் பை திறக்கிறது. நுண்பைகளின் போக்குவரத்தை விளக்கிய ராத்மன், ஷெக்மன், சூடாஃப் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிக் குற்றவாளியைக் கூண்டிலேற்றுவோம். மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் இரண ஜன்னிக் கிருமி, அறுத்த தொப்புள் வழியே நுழைந்து நஞ்சு கக்குகிறது. நஞ்சு நரம்புவழித் தண்டுவடம் ஏறுகிறது. தசைகள் மிஞ்சிப் போகாதபடி, ‘போதும், தளர்க’ என்று தடுக்கும் நரம்புகள் அங்குண்டு. அவற்றின் நுண்பைகளில் நீண்டிருக்கும் சினாப்டோபிரெவின் என்னும் இழையை, ஒரே இடத்தில் நஞ்சு வெட்டுகிறது. இது 1992இல் கண்டறியப்பட்டது. பை நிறையச் செய்தி இருக்கிறது, திறக்க வழியில்லை! தடுப்பாரற்ற தசைகள் இழுக்கின்றன. முதுகு வில்லாகிறது.

கெட்டுப்போன உணவில் பிறக்கும் பாட்டுலினம் நஞ்சின் ஒரு வகையும் அதே இழையை அதே இடத்தில் வெட்டுகிறது. ஆனால் அது வெட்டுவது தசையை ஏவும் நரம்பின் முனையில். ஆகவே உடல் துவண்டு விழுகிறது. வெட்டு ஒன்று, விளைவோ நேர்மாறு! எந்த மந்திரவாதியின் ஏட்டில் இருக்கிறது இந்தக் கணக்கு?

நண்பரே, நட்டம் என்னவென்று கேட்டீர். ‘பேய்’ என்று பெயர் சூட்டிய அந்த நொடியிலேயே தேடல் நின்றது. அரிவாளை எவரும் ஐயுறவில்லை. சாம்பலை எவரும் ஐயுறவில்லை. அதே அரிவாள் அடுத்த பிள்ளைக்கும் வந்தது. ஒரு பிள்ளையைக் கிருமி கொன்றது. மறு பிள்ளையைக் கொன்றதில் அந்த நம்பிக்கைக்கும் பங்குண்டு. பாட்டியைப் பழிக்கவில்லை நான். அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

தாய்க்குத் தடுப்பூசி, தூய கைகள், உறை பிரிக்காத புதிய பிளேடு: இவையே அந்தப் பேயை விரட்டின. மாவட்டந்தோறும் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கும் குறைவாக இந்நோய் ஒடுங்கியது என்று 2015இல் இந்தியா சான்று பெற்றது. ஆனால் கிருமி மண்ணில் இன்னும் இருக்கிறது. அதை அடியோடு ஒழிக்க இயலாது. ஊசியை மறந்தால் மீண்டும் வரும்.

மாணவன் இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். நெடுநேரம் பேசாதிருந்த அந்த மூதாட்டி ஒன்றே கேட்டாராம்: “இதை அன்றைக்கே ஒருத்தர் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

நட்டம் என்னவென்று அவரிடம் போய்க் கேளுங்கள், நண்பரே!