சில்லைப் பெரிசாக்க முதல்

ஒக்டோபர் பிறந்தால் கோப்பன்ஹேகன் கராஜ்களில் வரிசை நீளத் தொடங்கிவிடும். கோடை ரயரைக் கழற்றிப் பனிக்கால ரயர் போடும் பருவம் இது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் கோடை ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பனி கொட்ட வேண்டுமென்றில்லை, தெரு ஈரமாக இருந்தாலே போதும், பிரேக் பிடித்தால் வாகனம் நினைத்த இடத்தில் நிற்காது. வீட்டில் இடமில்லாதவர்களின் சில்லுகளை அடுத்த வசந்தம் வரைக்கும் வாங்கி வைத்திருக்கிற கராஜ்களும் இங்கே உண்டு.

பிக்கப் ஓடும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதும் இந்தப் பருவத்தில்தான். "அண்ணை, எப்படியும் புது ரயர் வாங்கத்தான் போறன். ஒரு சைஸ் பெரிசாப் போட்டால் என்ன?" கட்டட வேலை, பெயின்ட் வேலை, கடைச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை என்று மஞ்சள் இலக்கத்தகட்டோடு ஓடுகிற வாகனங்கள் இவர்களுடையவை. தொழில் வாகனம் என்பதால் வரி குறைவு, அதற்குத்தான் அந்த மஞ்சள் நிறம். உழைத்து வாங்கிய வாகனம் கம்பீரமாக நிற்க வேண்டும் என்று நினைப்பதில் பிழை இல்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

ஹைலக்ஸ் பிக்கப்பில் வழக்கமாக வரும் ஒரு ரயரைப் பாருங்கள். பக்கத்தில் 265/65 R17 என்று இருக்கும். அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம். ரிம்மின் விட்டம் 17 அங்குலம். கூட்டிப் பார்த்தால் முழுச் சில்லின் விட்டம் 776 மில்லிமீற்றர் வரும். ஆசைப்பட்டு 285/70 R17 போட்டால் 831. கண்ணுக்கு இரண்டு விரல் உயரம்தான், கணக்கில் 7 வீதம்.

அந்த 7 வீதம் வாகனத்தின் எல்லா இடத்துக்கும் போகும். வேகமானி சில்லு சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. முன்பு சரியாகக் காட்டிய மானி இனி 100 என்று காட்டும்போது நீங்கள் 107இல் போய்க்கொண்டிருப்பீர்கள். மானி உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. ஓடிய தூரமும் பிழைக்கும். 10,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய எண்ணெயை 10,700இல் மாற்றுவீர்கள். விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டுவதும் பொய்க்கணக்கு.

எனக்குப் பெரிய கவலை பிரேக்தான். பிரேக் அதேதான், சில்லின் ஆரை மட்டும் கூடிவிட்டது. முன்பு அழுத்திய அளவே அழுத்தினால் தெருவில் கிடைக்கும் பிடி 7 வீதம் குறைவு. சில்லின் பாரமும் கூடியிருக்கும். பின்னால் ஒரு தொன் சீமெந்தோடு, நவம்பர் மழையில், சைக்கிள்காரர் நிறைந்த நொரெப்ரோ தெருவில் வலது பக்கம் திரும்பும் பிக்கப்பை நினைத்துப் பாருங்கள். இந்த நகரத்தில் பிள்ளைகளும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ரயரின் அளவுக்குப் பக்கத்தில் 112S என்றும் இருக்கும். ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும், 180 கிலோமீற்றர் வேகம் வரை ஓடலாம் என்பது அதன் அர்த்தம். சில்லின் அழகைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. தாங்கும் எண் குறைந்த ரயரைப் பாரம் ஏற்றும் வாகனத்துக்கு எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பெரிய சில்லுக்கு நியாயமான இடம் இருக்கிறது. ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் ட்ரக்ஸ் நிறுவனம் மாற்றியமைத்த ஹைலக்ஸ் 2007இல் வட காந்த முனையை நோக்கி உறைகடலில் ஓடியது. அதற்கு 38 அங்குலச் சில்லு. காற்றை நன்றாகக் குறைத்துவிட்டால் அகன்ற ரயர் பரந்து படிந்து, பனியில் புதையாமல் மேலே நிற்கும். அதற்காக வாகனத்தின் அடிப்பாகம் முழுவதையும் மாற்றிக் கட்டினார்கள். டென்மார்க்கின் மிக உயர்ந்த மேடே 171 மீற்றர்தான், அதுவும் யூட்லாந்தில். கோப்பன்ஹேகனில் அந்தச் சில்லுக்கு வேலை இல்லை.

ரிம்மை மாற்றத்தான் வேண்டுமென்றால் வெளிவிட்டத்தை மாற்றாமல் மாற்றலாம். 16 அங்குலத்துக்கு 265/70, 17க்கு 265/65, 18க்கு 265/60. மூன்றும் 776ஐ ஒட்டியே நிற்கும். பனிக்காலத்துக்கு நான் 16ஐத்தான் விரும்புவேன். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் குழிகளில் ரிம் அடிபடாது, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் பிரேக் அந்த ரிம்முக்குள் அடங்க வேண்டும். வாகனப் பத்திரத்தையும் பாருங்கள்.

மிச்சம் பிடிக்கிற காசை நல்ல பனிக்கால ரயரில் போடுங்கள். டென்மார்க் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரேசுண்ட் பாலத்தைத் தாண்டி மால்மோவில் இறங்கினால் கதை வேறு. தெருவில் பனியோ உறைபனியோ இருந்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சுவீடனில் அது கட்டாயம். ஜேர்மனியில் பனிக்காலத் தெருவுக்கு, 2024 ஒக்டோபர் முதல், மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி உள்ள ரயர் மட்டுமே செல்லும். உறவினர் வீட்டுக் கொண்டாட்டம் என்று எல்லை தாண்டாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு.

வாங்கும்போது ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. அளவை மாற்றுவதாக இருந்தால் காசு கட்ட முதல் வாகனப் பரிசோதனை நிலையத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். புதுச் சில்லு போட்டு 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறக்காமல் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.