ரம்முன்னா இளக்காரமா?

நம்ம ஜனங்க வீட்டு பார்ட்டிகளில் பாட்டிலுக்கும் ஒரு சாதி அடுக்கு உண்டு, கவனித்திருக்கிறீர்களா? டியூட்டி ஃப்ரீயில் வாங்கின சிங்கிள் மால்ட் டைனிங் டேபிளின் நடுவில் கொலு வீற்றிருக்கும். பக்கத்தில் வைன். யாராவது ரம் கொண்டு போனால் அது சிங்க் ஓரமாக, கோக் பாட்டிலுக்குத் துணையாக நிற்கும். "என்ன பாஸ், ஹாஸ்டல் ஞாபகமா?" என்று ஒரு நக்கல் வேறு.

எனக்கு இந்த இளக்காரம் பிடிப்பதில்லை. என் ஊர் வரதய்யபாளையம். சித்தூர் ஜில்லாவில் இருந்து 2022ல் திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய ஊர். எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. சித்தூர் வெல்லம் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு, ஸ்காட்லாந்து பார்லியைக் கும்பிட்டுவிட்டு கரும்பை சிங்க் ஓரம் தள்ளுவது வேடிக்கையாக இல்லை?

இளக்காரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம்மூரில் மலிவாக விற்கும் ரம்களில் பல, மொலாசஸ் ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்தவைதான். அதைக் கோக் ஊற்றிக் குடிக்காமல் வேறென்ன செய்வது? 1954ல் வந்த ஓல்ட் மங்க் கொஞ்சம் மேலே. பாட்டிலிலேயே 7 வருஷம் என்று போட்டிருக்கும், அந்த வனிலா வாசனைக்கு நானும் அடிமைதான். ஆனால் அதோடு ரம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள், ரவை உப்புமாவோடு சமையல் முடிந்தது என்பவர்கள்.

நல்ல ரம் எங்கே முதிர்கிறது என்பது முக்கியம். ஸ்காட்லாந்துக் குளிரில் ஓக் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவிகிதம் ஆவியாகப் போகும். கரீபியன் வெயிலில் 6 சதவிகிதம் வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 வருஷத்தில் அங்கே முக்கால் பீப்பாய்க்கு மேல் மிஞ்சும், இங்கே பாதிகூட மிஞ்சாது. வெயிலில் மரத்தின் சாரமும் வேகமாக இறங்கிவிடும். ஆக, 12 வருஷ ரம்மை 12 வருஷ ஸ்காட்சின் ஏழைத் தம்பி என்று நினைப்பது தப்புக் கணக்கு.

ஆனால் லேபிள் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட் 12 என்றால், கலவையில் இருப்பதிலேயே இளசுக்கு 12 வயது. குவாத்தமாலாவின் ஸகாபா 23 என்பதில் 6 வருஷத்துச் சரக்கிலிருந்து 23 வருஷத்துச் சரக்கு வரை கலந்திருக்கும். 23 என்பது வீட்டுப் பெரியவரின் வயது, கடைக்குட்டியின் வயது அல்ல :-) அப்புறம் சர்க்கரை. முதிர்ந்த ரம் தேன் மாதிரி இனித்தால் சந்தேகப்படுங்கள். ஓக் தருவது இனிப்பு வாசனையைத்தான், சர்க்கரையை அல்ல. பார்படாஸின் ஃபோர்ஸ்கொயர் போன்றவர்கள் சர்க்கரை சேர்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

குடிக்கும் முறைக்குப் பெரிய சாஸ்திரம் எல்லாம் கிடையாது. வாய் குறுகிய சின்ன கிளாஸ், 30 மில்லி, ஐஸ் வேண்டாம். பத்து நிமிஷம் சும்மா வையுங்கள். மூக்கை உள்ளே விடாமல், வாயை லேசாகத் திறந்துகொண்டு முகருங்கள். ஜமைக்கா ரம் என்றால் பழுத்துக் கறுத்த வாழைப்பழம், சில நேரம் அறுத்து வைத்த பலா. கயானா ரம் என்றால் வெல்லப்பாகு கொதித்து அடிப்பிடிக்கிற நேரத்து வாசனை, சுக்கு, கிராம்பு. எங்கள் தங்கமணி குடிக்கமாட்டார். தூரத்தில் இருந்து முகர்ந்துவிட்டு "ராமநவமி பானகம்" என்றார். இதைவிடச் சரியான வர்ணனையை நான் படித்ததில்லை. ஒரு வாய், நாக்கில் நிறுத்தி விழுங்கி, அடுத்த வாய்க்கு முன் இரண்டு சொட்டு தண்ணீர். அவ்வளவுதான்.

கயானாவைச் சொன்னது சும்மா இல்லை. டொராண்டோவில் நம் மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே கயானாக்காரர்களின் ரொட்டிக் கடை இருக்கும். அவர்கள் ஊர் எல் டொராடோ 15 இங்கே அரசாங்கக் கடையில் கிடைக்கிறது. அந்தக் கலவையில் போர்ட் மொரான்ட் என்ற பழைய எஸ்டேட்டின் சரக்கும் உண்டு; மரத்தாலேயே செய்த காய்ச்சி வடிக்கும் அண்டாவில் இன்றும் வடிக்கிறார்கள். 1838 முதல் 1917 வரை அந்த நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களும் உண்டு. அங்கே அவர்களுக்குப் பெயர் 'மதராசி'. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் பூஜை இன்றும் நடக்கிறது, மதுரைவீரனுக்கு ரம் வைத்துப் படைக்கிறார்கள். கரும்பு வெட்டியவனுக்குக் கிடைத்தது எஸ்டேட் கடையின் பச்சை ரம், அதுவும் கூலியைக் கரைத்து. பீப்பாயில் பழுத்தது லண்டனுக்குக் கப்பலேறியது.

கூலியைக் கரைக்கும் கடை எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. பக்கத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் தொடங்கி 1992ல் பெண்கள் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1993ல் ஆந்திராவில் சாராயம் நின்றது, 1995ல் முழு மதுவிலக்கே வந்து 1997ல் தளர்ந்தது. அந்தப் பெண்கள் கேட்டது நியாயம். ரசனை என்ற பெயரில் அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒட்டாது. குடியால் நொந்த வீட்டுக்காரர் "எனக்கு வேண்டாம்" என்றால், "ஒரு பெக் தானே" என்று வற்புறுத்தும் நம்மவர் பழக்கம் அசிங்கம்.

குடிப்பதாக இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு சிங்கிள் மால்ட் காசில் இரண்டு நல்ல ரம் வரும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு 30 மில்லி என்றால் ஒரு பாட்டில் ஆறு மாசம் ஓடும். அடுத்த பார்ட்டிக்கு எல் டொராடோ ஒன்றை டைனிங் டேபிளின் நடுவில் நானே கொண்டுபோய் வைக்கப்போகிறேன். கோக் கேட்பவர்களுக்குத் தனியாக ஓல்ட் மங்க் இருக்கிறது, கவலை வேண்டாம்.