மானைக் குறைத்தது புலியா?

"புலி தின்றே மான் அழிந்தது" என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்றும் கூறுகின்றனர். இது பொருந்தாக் கூற்று. 1950ஆம் ஆண்டுகளில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடுவர். அத்தனை புலிகளுக்கும் இரையாகியும் மானினம் நிலைத்தே நின்றது. 2022இல் வெளியான கணக்கெடுப்பின்படி எஞ்சிய புலிகள் 150க்கும் குறைவு. அப்படியாயின் மான் பெருகியிருக்க வேண்டுமன்றோ? பெருகவில்லை. ரூசா எனும் கடமானையும் கீஜாங் எனும் குரைக்கும் மானையும் வேட்டையாட 2009இல் அரசாங்கமே தடை விதிக்க நேர்ந்தது.

காடு சுருங்கியது ஒரு காரணம். மற்றொன்று கம்பிக்கண்ணி. புலி பசித்தால் ஒரு மானை அடிக்கும்; அதையே பல நாள் உண்ணும். கண்ணிக்கோ பசியுமில்லை, உறக்கமுமில்லை. பன்றிக்கென வைத்ததில் சினைமானும் சிக்கும், புலியும் சிக்கும். வைத்தவன் மறந்தாலும் அது அங்கேயே காத்திருக்கும்.

கண்ணியை வைத்திருப்பதே குற்றமென்கிறது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். ஆயினும் காட்டிறைச்சி வந்ததென்றால் விலை கேளாமல் வாங்குவோர் நம்மிடையே உளர். (குழம்பின் மணம் சட்டத்தை மறக்கச் செய்கிறது போலும்!) வாங்குவோர் உள்ளவரை கண்ணி வைப்போரும் இருப்பர்.

மாணவர்களே, உலு லங்காட் போன்ற காட்டோரங்களில் கண்ணியைக் கண்டால் தொடாதீர்கள். பெற்றோரிடம் கூறி வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள்.