வெள்ளி ரதம் வரும் தெரு

சிங்கப்பூரில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளம், வாடகை வீடு, நண்பர்கள் எல்லாம் அங்கேதான். ஆனால், ஊருக்குப் போகிறோம் என்று மனம் துள்ளுவது தைப்பூசத்துக்குப் பினாங்குப் பேருந்தில் ஏறும்போதுதான்.

நான் காரைக்குடிக்காரன். 1894இல் எங்கள் ஊரில் செய்து கப்பலேற்றிய வெள்ளி ரதம் பினாங்கின் ஜார்ஜ் டவுன் தெருக்களில் இன்றும் வருகிறது. வழியெங்கும் சீனர்கள் தேங்காயை மலையாய்க் குவித்துவைத்து, ரதம் வரும் முன் சாலையில் சூறை விடுகிறார்கள். சென்ற முறை பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி ஒரு தேங்காயை என் கையில் திணித்து, "வேல் வேல்" என்றார். விருந்தாளி என்கிற நினைப்பு அதோடு போயிற்று.

தைப்பூசத்தன்று பினாங்கில் பொது விடுமுறை. சிங்கப்பூரிலும் ஒருகாலத்தில் இருந்தது, 1968இல் எடுத்துவிட்டார்கள். தமிழை அதிகாரத்துவ மொழியாக வைத்திருக்கும் நாடு அது, அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. இருந்தாலும், பால்குடம் எடுக்க மேலாளரிடம் விடுப்புக் கேட்டு நிற்கும் நேரத்தில் நான் அந்நியனாகிவிடுகிறேன். அந்த ஒரு நாளைச் சிங்கப்பூர் திருப்பித் தர வேண்டும். கொடுத்தால், அடுத்த பூசத்துக்கு என் பால்குடம் அங்குள்ள தேங்க் ரோடு முருகனுக்கு.